தீயும் காற்றும்

எங்க ஊர் விஸ்வநத்தம். பட்டாசு ஊர். தீ பரவக் கூடாதுன்னே கேட்டு வளர்ந்தவன் நான். மெக்கானிக்கல் சேர்ந்தா, தீ வேகமாப் பரவணும்னு பாடம் நடத்துறாங்க!

அசையாத பெட்ரோல் கலவையில தீ நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர்தான் போகும். 5 சென்டிமீட்டர் சிலிண்டரைக் கடக்க 15 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். 6000 ஆர்பிஎம்ல பிஸ்டன் கீழே இறங்க 5 மில்லிசெகண்டுதான்.

அப்போ பைக் எப்படி ஓடுது? உள்ளே சுழலும் காற்று தீயின் முகத்தைச் சுருக்கம் சுருக்கமாக் கசக்குது. பரப்பு கூடுது, எரியிற வேகமும் கூடுது. ஆர்பிஎம் ஏறினா சுழலும் ஏறும்.

ஆனா ஸ்பார்க்குல இப்பத்தான் பிறந்த குட்டித் தீ? பெட்ரோல் குறைவான கலவையில சுழல் மிஞ்சினா அணைஞ்சிடும், தீக்குச்சி மாதிரி. மைலேஜுக்கும் புகைக்கும் நடுவுல உள்ள சிக்கல்கள்ல இதுவும் ஒண்ணு நண்பர்களே.