குடமும் கூடையும்

பதினெட்டு வயதுப் பிள்ளையின் விருப்பங்களைப் 'பொழுதுபோக்கு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். மதிப்பெண்ணும் வேலையும் ஒரு தட்டில் இருக்கும். மற்றவை அனைத்தும் பொழுதுபோக்கு என்ற மறு தட்டில் கிடக்கும். என் தங்கை மகளுக்கு அத்தகைய பொழுதுபோக்குகள் இரண்டு உண்டு. ஒன்று கல்லூரிக் கூடைப்பந்து. தான் ஆடுவதோடு நில்லாமல், கடல் கடந்த கல்லூரிகள் ஆடுவதையும் பார்க்க வேண்டும் அவளுக்கு. மற்றொன்று இசையைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் முதலாண்டு படிக்கிறாள். "ரெண்டுல ஒண்ண விடு" என்று அவள் வீட்டில் சில மாதங்கள் பேச்சு நடந்தது. தாய்மாமன் என்ற உரிமையில் என்னையும் மத்தியஸ்தத்திற்கு அழைத்தார்கள். தீர்ப்புச் சொல்லுமுன் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமன்றோ? அவ்வாறு தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நம் மாவட்டத்திற்குக் கூடைப்பந்து அவ்வளவு நெருங்கிய ஆட்டம் அன்று. கடற்கரை ஊர்களில் கால்பந்து. உள்ளூர்ப் பகுதிகளில் கபடியும் கைப்பந்தும். மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும் அவற்றை ஆடிவிடலாம். கூடைப்பந்துக்கோ சிமெண்டுத் தளமும் பலகையும் இரும்பு வளையமும் வேண்டும். ஆகவே அது பள்ளி, கல்லூரி மதில்களுக்குள்ளேயே வளர்ந்தது. இவளும் பள்ளி வளாகத்தில்தான் அதைக் கற்றாள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்த மார்ச் மாதத்திலேயே அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியும் வந்து தொலைத்தது. 68 அணிகள், ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டும், மூன்று வாரங்களில் ஓர் அணி மட்டும் மிஞ்சும். அங்கு இரவு ஏழு மணி என்றால் இங்கு விடியற்காலை நாலரை. பாடப்புத்தகத்தின் பின்னே கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் ஆட்டம் பார்த்திருக்கிறாள். பிள்ளை விழித்திருந்து படிக்கிறாளே என்று உருகிப்போய் என் தங்கை நாள்தோறும் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாளாம். உண்மை பிறகே தெரிய வந்தது. மதிப்பெண் குறையவில்லையாதலால் வீட்டில் புயல் எழவில்லை.

அவள் சொன்ன அணிகளின் பெயர்களைக் கேட்டபோது எனக்குப் புனிதர்களின் மன்றாட்டுமாலையே நினைவுக்கு வந்தது. கொன்சாகா என்பது நம் ஞானப்பிரகாசியாரின் குடும்பப் பெயர். வில்லனோவா என்பது புனித அகுஸ்தினார் சபையினரின் பல்கலைக்கழகம். வில்லனோவா நகர்த் தோமையாரின் பெயர் தாங்கியது. 1985, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கோப்பையை வென்றது. லொயோலா இஞ்ஞாசியாருடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கக் கல்லூரிகள் என்றால் மறைக்கல்வியும் ஒழுக்கமும் என்று மட்டுமே எண்ணியிருந்த என் தங்கைக்கு, அவை பந்தாட்டத்திற்கும் இத்துணைப் பெயர் பெற்றவை என்பது சற்று ஆறுதலாகவே இருந்தது.

அருட்சகோதரி ஜீன் டோலோரஸ் ஷ்மிட் அவர்களைப் பற்றி எனக்குச் சொன்னவளும் இவளே. 1919-ல் பிறந்த அவர், சிக்காகோ லொயோலா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு 1994 முதல் ஆன்மீக வழிகாட்டியாக இருந்தார். 2018-ல் அந்த அணி எவரும் எதிர்பாராவண்ணம் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்து நின்றபோது, 98 வயதில் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆட்டம் பார்த்த அவர் உலகச் செய்தியானார். ஆட்டத்திற்கு முன் அணியினரோடு செபிப்பார். அந்தச் செபத்தினூடேயே எதிரணியில் யாரைக் கவனித்து ஆட வேண்டும் என்ற குறிப்பும் வந்துவிடுமாம். ஆட்டம் முடிந்ததும் வீரர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவார். 2025 அக்டோபரில் தம் 106-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அன்று எங்கள் குடும்பச் செபத்தில் 'நித்திய இளைப்பாற்றி' ஒன்று கூடுதலாகச் சொல்லப்பட்டது.

இவள் ஆடும் ஆட்டத்தைக் காண ஒருமுறை கல்லூரிக்குச் சென்றிருந்தேன். நாற்பது நிமிட ஆட்டத்தில் அவள் கூடையில் போட்டது இரண்டே முறை. வீடு திரும்புகையில் அதைக் குறிப்பிட்டேன். "நீங்க பந்த மட்டும்தான் பாக்கிறிய மாமா. பந்து கையில இல்லாதவங்களப் பாருங்க" என்றாள். பின்னர் விளக்கினாள். அவள் ஆடும் இடத்திற்குப் 'பாயின்ட் கார்டு' என்று பெயர். பந்தைக் கொண்டு வந்து, தோழியர் எங்கே நகர்கிறார்கள் என்று நோக்கி, போடத்தக்க இடத்தில் இருப்பவளுக்கு அளிப்பதே அவள் வேலை. அவ்வாறு அளித்த பந்து உடனே கூடையில் விழுந்தால் அளித்தவள் கணக்கில் 'அசிஸ்ட்' என்று ஓர் எண் எழுதப்படும். அன்று அவள் கணக்கில் ஒன்பது.

இந்த ஆட்டம் பிறந்த கதையைத் தேடிப் படித்தேன். கனடாவில் இறையியல் பயின்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக இருந்தபோது, பனிக்காலத்தில் அறைக்குள் அடைபட்டு முரண்டுபிடித்த மாணவர்களுக்காக 1891 டிசம்பரில் இதை உருவாக்கினார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். மாடத்தின் உயரம் பத்தடி. இன்றும் வளையத்தின் உயரம் அதுவே. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏறிப் பந்தை எடுத்துத் தர வேண்டியிருந்தது. அவர் எழுதிய விதிகள் பதின்மூன்று. அவற்றுள் என்னை நிறுத்தியது மூன்றாவது: பந்தைப் பிடித்தவர் அதனோடு ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே பிறருக்கு எறிய வேண்டும். தரையில் தட்டிக்கொண்டு ஓடும் உத்தி பின்னால் வந்தது. கையில் வந்ததைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டளையோடு பிறந்த விளையாட்டு இது. அது நம் பக்கம் வேரூன்றியதில், 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு.

ஆவணப்படத்திற்கு வருகிறேன். அதற்கும் வித்து இந்த ஆட்டத்திலிருந்தே விழுந்தது.

1963 மார்ச் 15. அதே சிக்காகோ லொயோலா அணியின் தொடக்க ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். எதிரே மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெள்ளையர் அணி. கறுப்பினத்தவர் இடம்பெறும் அணியோடு ஆடக்கூடாது என்பது மிசிசிப்பியில் எழுதப்படாத சட்டம். நீதிமன்றத் தடையாணை கைக்கு வந்து சேருமுன் அந்த அணியினர் தம் மாநிலத்தை விட்டு நழுவி வந்து ஆடினார்கள். ஆட்டத்திற்கு முன் இரு தலைவர்களும், ஜெர்ரி ஹார்க்னெஸும் ஜோ டான் கோல்டும், கை குலுக்கியபோது ஒளிப்படக் கருவிகளின் வெளிச்சம் கண்ணைப் பறித்ததாம். லொயோலா 61–51 என்று வென்றது; அடுத்த வாரம் தேசியக் கோப்பையையும் பெற்றது. 2011-ல் கோல்டு இறந்தபோது அடக்கச் சடங்கிற்குச் சென்ற ஹார்க்னெஸ், பெட்டியின் அருகே அந்தக் கைகுலுக்கலின் படம் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்த மண்ணில் பிறந்த நமக்கு, ஒன்றாக ஆடுவதும் ஒன்றாக நடப்பதும் எளிய காரியங்கள் அல்ல என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹார்க்னெஸின் மகன் அந்த ஆட்டத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். தந்தையின் ஆட்டத்தை மகன் படமெடுத்தான் என்ற செய்தியே இவளைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் நால்வர் சேர்ந்து பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்து ஒப்படைக்க வேண்டும், பொருள் இசை. மற்ற குழுக்கள் திரைப்பாடகர்களையும் இசைக்குழுக்களையும் தேடிப் போயின. இவள் அடுத்த ஊரில் குடம் அடிக்கும் பெரியவரைத் தேடிப் போனாள்.

வில்லுப்பாட்டு நம் மண்ணின் கலை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) ஒழுகினசேரியில் பிறந்தவர். கோயில் முற்றத்திலிருந்த இக்கலையை நகர மேடைக்குக் கொண்டு சென்றவர்களுள் முன்னவர். அவர் சென்னைக்கு அழைத்துச் சென்ற சுப்பு ஆறுமுகம் 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறைந்தார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களின் பிற்பகுதியில் இங்கு தங்கி, கொடைகளில் இரவிரவாக விழித்திருந்து, 1988-ல் ஒரு நூலே எழுதினார். 1984-ல் நாகர்கோவில் வானொலி நிலையம் தொடங்கிய பின் வில்லோசை வீடுகளுக்குள்ளும் வந்தது. ஆயினும் நம் நினைவில் நிற்பவர்கள் வீசுகோலை வீசி நடுவில் அமர்ந்து பாடும் அண்ணாவிகளே. வலத்தே பாடுபவர் ஓரடி எடுக்க, இடத்தே இருப்பவர் அதை வாங்கித் திருப்பித் தர வேண்டும். உடுக்கை, தாளம், கட்டை யாவும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தில் இணைந்திருக்கும். குடக்காரர் தம் பத்தியால் குடத்தின் வாயில் அடிக்கும் அடியில்தான் பாட்டு நடக்கிறது. அவர் பெயரை விளம்பரத் தாளில் நான் கண்டதில்லை.

இவள் தேடிச் சென்ற பெரியவருக்கு எழுபத்தாறு வயது. ஐம்பது ஆண்டுகள் பல அண்ணாவிகளுக்குக் குடம் அடித்தவர். அம்மன் கோயில் கொடைகளில் ஒலித்த அதே குடம், எங்கள் பங்குத் திருவிழாவில் தேவசகாயம் பிள்ளையின் கதை வில்லில் பாடப்பட்டபோதும் ஒலித்தது; நானே கேட்டிருக்கிறேன். இப்போது வலக்கை நடுங்குகிறது. பிள்ளைகள் வேண்டாமென்று தடுக்கிறார்கள். தனியாகக் குடம் வாசித்துக் காட்டும்படி இவள் கேட்டிருக்கிறாள். "குடம் தனியாட்டுப் பேசாது மக்களே. பாட்டு வந்தாத்தான் பேசும்" என்று சொல்லிவிட்டார். மாசி மாதக் கொடைக்கு ஒரேயொரு முறை போவதாகவும், அதன்பின் குடத்தைத் தொடப்போவதில்லை என்றும் சொன்னார்.

கொடை செவ்வாய் இரவு. புதன் காலை கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. வீட்டில் பேச்சு உச்சத்திற்குப் போனதும் இப்போதுதான். என் தங்கை இரண்டையும் விடச் சொன்னாள். மத்தியஸ்தரான நான் வாய் திறக்குமுன் அவளே பங்கு பிரித்துக்கொண்டாள். நள்ளிரவு வரை படமெடுப்பாள். பிறகு கருவியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்து உறங்குவாள். அப்படியே செய்தாள். காலையில் ஆடினார்கள், நான்கு புள்ளிகளில் தோற்றார்கள். அவள் கணக்கில் ஏழு அசிஸ்ட்.

அன்று மாலை தோழி எடுத்த பகுதியை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இரவு இரண்டு மணிக்கு மேல், கதை விறுவிறுப்பான கட்டத்தில் இருக்கும்போது, குடம் நின்றுவிடுகிறது. பெரியவரின் கை காற்றில் நடுங்குகிறது. அண்ணாவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடிய அடியையே மறுபடி எடுத்து நீட்டுகிறார். இடத்தே இருந்த தாளக்காரர் சற்றே முன்னால் சாய்ந்து, குடத்தின் அடி விழவேண்டிய இடங்களிலெல்லாம் தம் தாளத்தை வைக்கிறார். இடக்கையால் வலக்கையைப் பிடித்து அமர்த்தி, பெரியவர் மீண்டும் அடிக்கத் தொடங்குகிறார். தாளக்காரர் பின்னால் நகர்ந்து தம் இடத்தில் அமர்கிறார். எல்லாம் அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது. எதிரே இருந்த சனங்களில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இவள் அதை எனக்கு ஐந்தாறு முறை போட்டுக் காட்டினாள். ஆட்டம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அதே குரலில், "தாளக்காரரப் பாருங்க மாமா" என்றாள்.

அந்த அரை நிமிடத்தைப் படத்தில் சேர்க்கலாமா என்பதில் நால்வருக்குள் சண்டை. ஒரு பையன் அதன்மேல் சோகமான வயலினிசை போட்டு, 'அழிந்துவரும் கலை' என்று முடிக்கலாம் என்றான். (இந்த வயலினும் மறையும் சூரியனும் இல்லாத நாட்டுப்புறக் கலைப் படம் நம்மிடம் மிகக் குறைவு, பார்ப்பவர் ஒரு பெருமூச்சோடு எழுந்து போவதற்கு மட்டுமே அவை பயன்படும்.) இன்னொருத்தி, ஐம்பது ஆண்டுகள் தவறாத கையின் ஒரே தவறைக் காட்டுவது அவரை அவமதிப்பதாகும், வெட்டிவிட வேண்டும் என்றாள். அது நியாயமான பேச்சாகவே எனக்குப் பட்டது; என் கருத்தும் ஏறக்குறைய அதுதான். இவளோ வெட்டவும் மாட்டேன், வயலினும் போடமாட்டேன், பாட்டாவிடம் காட்டிக் கேட்போம் என்றாள். அவர் வேண்டாமென்றால் படத்தின் உயிரே போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாளே இருந்தது.

நானும் உடன் போனேன். வீட்டுத் திண்ணையில் கட்டிலில் இருந்தார். கைபேசியை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துப் போட்டுக் காட்டினாள். குடம் நின்ற இடத்தில் அவர் முகத்தை என்னால் பார்க்க இயலவில்லை. முற்றத்தில் நின்ற முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது முறையும் பார்த்தார். "இந்தப் பய முன்னுக்குச் சாஞ்சது எனக்குத் தெரியாதே" என்றார் மெதுவாக. படத்தில் இதை வைக்கலாமா என்று இவள் கேட்டாள்.

"வையி மக்களே. அந்தத் தாளக்காரன் பேரையும் போடு."

படம் பதினொரு நிமிடம் ஓடுகிறது. கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலில் தாளக்காரர் பெயருக்குக் கீழே குடக்காரர் பெயர். அதற்கும் கீழே அண்ணாவியுடையது.