அக்கா கடை போர்டு

செங்கல்பட்டில் பிளெக்ஸ், ஸ்டிக்கர் கட்டிங் வேலை செய்கிறவன் நான். தொழில் பழகியது கையால் போர்டு எழுதும் ஒரு ஆர்ட்டிஸ்டிடம். அதனாலோ என்னவோ, பிரஷ்ஷில் எழுதியதுபோல் வரும் கம்ப்யூட்டர் எழுத்துகள் மேல் எனக்கு ஒரு இளக்காரம். இன்றைக்கும் அது முழுசாகப் போய்விடவில்லை.

ஆனால் மாமல்லபுரம், கோவளம் பக்கம் ஆர்டர் எடுத்தால் அதெல்லாம் பார்க்க முடியாது. சர்ஃபிங் சொல்லித் தருகிறவர்கள், டீ-ஷர்ட் விற்கிறவர்கள், மீன் வறுவல் கடைக்காரர்கள், எல்லோரும் கேட்பது "அண்ணே, கொஞ்சம் ஜாலியா இருக்கணும்". அதற்கான எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' சாய்ந்து ஓடும் கையெழுத்து. மும்பை ஏக் டைப் குழுவின் 'பலூ தம்பி' கொழுகொழுவென்று துள்ளும். (2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் வேட்டி கட்டிய குதிரைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். எங்கள் கரைக்கு ராசியான பெயர்போல!)

ஒருநாள் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் அம்மா வந்தார். 'அக்கா கடை' என்று பிரஷ் எழுத்தில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எழுதுன மாதிரி இல்லியே" என்றார். காரணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று 'க'வும் ஒரே அச்சு. ஒவ்வொன்றிலும் அதே பிசிறு, அதே இடத்தில். என் ஆர்ட்டிஸ்ட் எழுதினால் முதல் 'க' பெயிண்ட் நிறைந்து தடித்திருக்கும். அடுத்தது பிரஷ் வறண்டு கீற்றுக் கீற்றாக இழுபடும். ஆங்கிலத்தில் நல்ல பிரஷ் எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து, அடுத்தடுத்து வரும்போது தானாக மாற்றிவிடுகிறார்கள். நான் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களில் அந்த வசதி இல்லை. நமக்கோ அம்மா, அப்பா, அக்கா, அண்ணன் இல்லாத கடைப் பெயர் அபூர்வம். கோரல் டிராவில் எழுத்தை கர்வ்ஸாக மாற்றி, ஒரு 'க'வின் வாலை இழுத்து, இன்னொன்றின் தலையைச் சற்றுக் குறுக்கினேன். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அதன்பிறகு பிரஷ் எழுத்து என்றால் இந்த வேலைக்கும் சேர்த்தே நேரம் சொல்கிறேன்.

விலாசம், போன் நம்பருக்கு அந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. பெயர் மட்டும், பெரிதாக, இரண்டு வார்த்தைக்குள்.

ஸ்டிக்கர் கட்டிங்கில் வேறு தலைவலி. பிரஷ் எழுத்தின் ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். பிளாட்டரின் கத்தி ஒவ்வொரு பல்லிலும் திரும்பித் திரும்பி வினைலைக் கிழிக்கும். வேண்டாத துண்டுகளை உரித்தெடுப்பதற்குள் கண் பூத்துவிடும். தப்பித்தவறி நன்றாக ஒட்டிவிட்டாலும், உப்புக்காற்றில் முதலில் எழும்புவது அந்தப் பொடி நுனிகள்தான். ஓரத்தை மழித்துவிட்டால் பிரஷ் எழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் படகில் பெயர் ஒட்டக் கேட்டு வருகிறவர்களுக்கு, எனாமல் பெயிண்ட்டில் எழுதும் என் ஆர்ட்டிஸ்டின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். டீ-ஷர்ட் வேலை வந்தால் அவர் என்னிடம் அனுப்புகிறார்.