ஏலக் கணக்கு

வெள்ளி

அறுப்பின் பண்டிகைக்காக இன்று ஆலயத்தில் ஒட்டடை அடித்தோம். மின்விசிறி இறக்கைகளைத் துடைக்கும்போது உபயக்காரர்களின் பெயர்கள் தெரிந்தன. விசிறி சுற்றும்போது யாரும் வாசிக்க முடியாது. கரண்ட் போய், பிரசங்கமும் நீண்டால் சபையே அண்ணாந்து வாசிக்கும். ஏணியைப் பிடித்திருந்த அண்ணாச்சி, "சார்வாள், எங்க அப்பா பேரை நல்லா அழுத்தித் துடைங்க, மங்கிப்போச்சு" என்றார். அழுத்தினால் இன்னும் மங்கும். சொல்லவில்லை.

ஞாயிறு இரவு

ஏலம் விட்டது உபதேசியார், நோட்டில் எழுதியது நான். கருப்பட்டி, முருங்கைக்காய், கோழிமுட்டை எல்லாம் சீக்கிரம் போயின. ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தவரே "கோயிலுக்கே" என்று திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வந்தது. பழம் மேசையிலேயே இருந்தது, காசு மட்டும் சேர்ந்துகொண்டே போனது.

பிறகு வாழைத்தார். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் பந்தலின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், உபதேசியாரைப் பார்த்தே கேட்டார்கள். அவர் "ஒரு தரம்" என்பார். அந்த ஓரத்திலிருந்து குரல் வரும். "ரெண்டு தரம்" என்பதற்குள் இந்த ஓரத்திலிருந்து வரும். நடுநடுவே "கர்த்தருக்கு மகிமை" என்றும் சொல்லிக்கொண்டார். கடைவிலையைப் போலப் பல மடங்குக்குத் தம்பி எடுத்தார். அண்ணன் விடுவாரா? அடுத்து வந்த சேவலை, அதுவே மிரண்டுபோகும் விலைக்கு எடுத்தார். பந்தலில் ஒரே சிரிப்பு.

அந்தப் பணம் விடுதிப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். வீம்பில் வந்த காசு என்று ரசீதில் எழுதும் வழக்கம் இல்லை.

திங்கள்

பிலிப்பியர் முதல் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பவுல் காவலில் இருக்கிறார். வெளியே சிலர் பொறாமையால் பிரசங்கிக்கிறார்கள், அவர் மனதை நோகடிக்கவே பிரசங்கிக்கிறார்கள். அது அவருக்குத் தெரியும், பூசி மெழுகவும் இல்லை. எந்த வழியிலாவது கிறிஸ்து அறிவிக்கப்பட்டால் சந்தோஷம்தான் என்று சொல்லிவிடுகிறார். இந்தத் தாராளம் எனக்கு வராது. வாழைத்தார்க் காசைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் பெட்டியில் போட்டேன். ஆனால் என்னைக் கேலி செய்கிறவர் ஓய்வுநாள் பள்ளியை என்னைவிட நன்றாக நடத்தினால், அந்தச் சந்தோஷத்துக்கு நான் நிறைய ஜெபம் பண்ண வேண்டியிருக்கும்.

செவ்வாய்

வழக்கம்போல ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளுக்காக ஜெபம். திரும்பும் பஸ்ஸிலேயே, இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனம் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிடுகிறது. பக்கவாதம் வந்த பெரியவர் என் கையை விடாமல் பிடித்திருந்ததைச் சாப்பாட்டுக்கு முன் சொல்வதா, பின் சொல்வதா?

வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்பதை, ஊருக்குத் தெரியாமல் கொடு என்றே இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தேன். மத்தேயு 6-இல் ஊரைப் பற்றிய பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தெருவில் தாரை ஊதுகிறவர்கள் தங்கள் பலனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இடதுகை என்னுடையது. ஊரார் யாரும் பார்க்காத இடத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நானே. என் நோக்கம் சுத்தமா என்று குனிந்து பார்ப்பதும் அந்த இடதுகையின் வேலைதானோ? நேற்று பார்த்த பவுலே 1 கொரிந்தியர் 4-இல், தன்னைத் தானே தீர்ப்புச் செய்வதில்லை என்கிறார். இருதயத்தின் யோசனைகளை வெளிப்படுத்துவது கர்த்தர் வரும்போது அவர் செய்கிற வேலை. அதை இன்றே முடித்துவிட முயல்வது அடக்கமாகாது, அவசரம்.

இனி வார்டு விஷயம் இந்த நோட்டில் வராது.

புதன்

உறவினர் ஒருவரைப் பார்க்க டோனாவூர் போனேன். மிஷனரி ரேனியஸ் காலத்தில் இங்கே ஆலயம் கட்டப் பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனா. அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. பஸ்ஸில் "டோனாவூர் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறவர்களில் யாருக்கு அந்தப் பிரபுவின் ஞாபகம்?

இங்கே வந்து பணியாற்றிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1951-இல் இங்கேயே இறந்தார். கல்லறைக்கு மேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, தாங்கள் அவரை அழைத்த பெயரை மட்டும் அதில் பொறித்தார்கள். கல் வைத்திருந்தால் இவ்வளவு பேர் தேடி வந்திருப்பார்களா, தெரியவில்லை. பெயரை மறைத்தாலும் புகழ் வருகிறது, பொறித்தாலும் ஆள் மறந்துபோகிறார். இரண்டையும் நாம் நடத்துவதில்லை.

ஏமி இளவயதில் பெல்பாஸ்ட்டில், ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில், மூட்டை சுமந்த ஒரு கிழவிக்குக் கைகொடுத்தவர். கௌரவமானவர்கள் பார்க்கிறார்களே என்று கூசினாராம். பொன்னா வைக்கோலா என்று நெருப்பே காட்டும் என்கிற 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரம் அந்தத் தெருவில்தான் அவர் மனதில் தைத்தது. கூச்சத்தோடும் மூட்டையைக் கீழே போடவில்லை. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

வியாழன்

சபைக் கமிட்டி கூடியது. ஏலத்தில் எடுத்தவர்களின் பெயர்களை ஆலயத்தில் வாசிக்கலாமா, தொகையை மட்டும் சொன்னால் போதுமா என்று பேச்சு. பெயர் வாசிப்பது பெருமைக்குத் தூபம் போடுகிறது என்றார் ஓர் இளைஞர். நியாயம்தான். இருந்தும் வாசிக்க வேண்டும் என்றே கை தூக்கினேன். பரிமள தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பேசியவனின் கையில்தான் பணப்பை இருந்தது என்று யோவான் 12-இல் இருக்கிறது. கொடுத்தவர் பெயரை வாசித்தால் கொடுத்தவருக்கு ஆபத்து, வாசிக்காமல் விட்டால் பெட்டிச் சாவி வைத்திருப்பவனுக்கு ஆபத்து. சாவி என்னிடம் இருக்கிறது.

வாசிப்பது என்றே முடிவு. பட்டியலை அகரவரிசையில் போட்டால் தம்பி முதலில் வருகிறார், தொகை வரிசையில் போட்டாலும் அவர்தான். எடுத்த நேர வரிசையில் போடலாமென்றால், சேவலுக்கு முன்பே வாழைத்தார் போய்விட்டது. அண்ணன் சனிக்கிழமையே வந்து கேட்பார்.