சும்மா இருக்கக் கூலி

உழுகிறவனுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம். உழாமல் இருப்பவனுக்குச் சர்க்காரே கூலி கொடுக்கும் தேசம் ஒன்று உண்டு என்று சொன்னால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். "அப்படியானால் நம் பிள்ளைகள் அங்கே பெரிய மிராசுதாரர்கள் ஆகியிருப்பார்களே!" என்று அங்கலாய்க்கவும் செய்வார்கள்.

அந்தத் தேசம் அமெரிக்கா. அங்கே ஒரு குடியானவன், மண் எளிதில் கரைந்து போகக்கூடிய தன் நிலத்தை 10 முதல் 15 வருஷம் வரையில் உழாமல், புல்லும் மரமும் வளர விடுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கலாம். சர்க்கார் அவனுக்கு வருஷந்தோறும் வாடகை தரும். 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு இது. கேட்பதற்கு வேடிக்கையாயிருந்தாலும், இதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது.

பூர்வகுடிகளிடமிருந்து பறித்த பூமியை, 1862-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குடியேறிப் பயிரிட்டவர்களுக்குத் தலைக்கு 160 ஏக்கர் வரையில் அமெரிக்க சர்க்கார் வழங்கிற்று. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அந்தப் புல்லின் வேர்தான் மண்ணைக் கட்டி வைத்திருந்தது. முதல் மகாயுத்தத்தின்போது கோதுமை விலை ஏறியதும், டிராக்டர்கள் புல்லை வேரோடு புரட்டிப் போட்டன. 1930-களில் மழை பொய்த்தது. பிடிமானம் இழந்த மண்ணைக் காற்று வாரிக் கொண்டு போயிற்று. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி, நியூயார்க் நகரத்தையும் தாண்டி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் சென்ற கப்பல்களின்மேல் படிந்தது! 1935 ஏப்ரல் 14-ந் தேதியன்று பட்டப் பகலில் இருள் கவிந்தது. 'கறுப்பு ஞாயிறு' என்று அந்த நாளை இன்றும் சொல்கிறார்கள். மண் அரிப்பைப் பற்றி வருஷக் கணக்காக எச்சரித்து வந்த ஹ்யூ பென்னெட் என்ற நிபுணரின் சொல் அப்போதுதான் சபை ஏறிற்று. அதே மாதம் 27-ந் தேதி மண்வளப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று.

சர்க்கார் கையாண்ட வழிகளில் இரண்டை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, பணம் கொடுத்து நிலத்துக்கு ஓய்வு வாங்குவது. மற்றொன்று, பாழான நிலங்களை விலைக்கு வாங்கிப் புல் விதைத்து, பொதுச் சொத்தாக வைத்துக் கொள்வது.

முதல் வழியின் பலன் என்ன? 1956-ல் 'மண் வங்கி' என்று ஒரு திட்டம் வந்தது. 1972-ல் ரஷ்யர்கள் ஏராளமாய்க் கோதுமை வாங்கினார்கள். விலை ஏறிற்று. ஒப்பந்தக் காலம் முடிந்திருந்த நிலங்கள் பல மறுபடியும் உழப்பட்டன. 1985-ஆம் வருஷத்துத் திட்டத்தில் 2007-ல் 3 கோடியே 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்தது. பிறகு தானிய விலை உயர்ந்தது, பலர் வெளியேறினார்கள். 2014-ல் சட்டமே உச்சவரம்பை 2 கோடியே 40 லட்சம் ஏக்கராகச் சுருக்கிவிட்டது.

இரண்டாவது வழியில் மிஞ்சிய நிலங்களுக்கு 1960-ல் 'தேசியப் புல்வெளிகள்' என்று பெயரிட்டார்கள். அவை ஏறக்குறைய 40 லட்சம் ஏக்கர். அங்கே குறைகள் இல்லாமல் இல்லை. மாடு மேய்ப்பதற்கான கட்டணம் தனியார் நில வாடகையைவிட மிகவும் குறைவு என்ற புகார் நெடுநாளாய் உண்டு. ஆனால் கோதுமை விலை ஏறிற்று என்பதற்காக அங்கே யாரும் ஏர் பூட்ட முடியாது.

இதனால் மான்யம் வீண் என்று நாம் சொல்லவில்லை. ஊரார் எல்லோருக்கும் வேண்டிய மண்ணைக் காக்கும் செலவை ஒரு குடியானவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அவனுக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வாடகைக்கு வாங்கிய ஓய்வு வாடகை உள்ள வரையில்தான். தலைமுறை தலைமுறையாக ஓய்வு வேண்டிய நிலம் பொதுவில் இருப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

பொதுச் சொத்துக்கும் காவல் வேண்டும். 2025-ல் மேற்குப் பிரதேசத்துப் பொது நிலங்களில் ஒரு பகுதியை விற்றுவிடலாம் என்று அமெரிக்க செனெட் சபையில் ஒரு யோசனை கிளம்பிற்று. வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் இயற்கை அன்பர்களும், கட்சி வித்தியாசம் பாராமல் எதிர்த்தார்கள். யோசனை வாபஸாயிற்று. அந்த நிலத்தில் அவர்களில் ஒருவருக்கும் ஒரு காணிகூடப் பட்டா கிடையாது. இருந்தாலும் அது தங்களுடையது என்று அவர்கள் நினைத்தார்கள். அதுதான் அதைக் காப்பாற்றிற்று.