இரவல் மண்

திருவாடானையைக் கடந்து ஓரியூர் நோக்கித் தை மாதத்தில் பயணம் செய்தவர்களுக்கு அந்நிலத்தின் தோற்றம் நினைவிருக்கும். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல்கள். நீர் சுருங்கத் தொடங்கிய கண்மாய்கள். எங்கு நோக்கினும் சீமைக் கருவேல். புனித அருளானந்தர் திருத்தலத்தை அடைந்ததும் காலடியில் மண் சிவந்துவிடுகிறது. அவர் சிந்திய இரத்தமே அதைச் சிவப்பாக்கியது என்பது மக்களின் நம்பிக்கை. மண்ணியல் கற்றோர் வேறு கூறக்கூடும். ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொள்ளும் தாய்மாரிடம் அதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. நானே அம்மண்ணைக் கொண்டு வேண்டிப் பெற்ற பிள்ளை.

மணமாகி ஆறு ஆண்டுகள் மகப்பேறின்றி இருந்த என் தாயார், ஒரு புதன்கிழமை இங்கு வந்து மண் எடுத்துச் சென்றார். அருளானந்தர் தலை வெட்டுண்ட 1693 பிப்ரவரி 4-ஆம் நாளும் புதன்கிழமையே; அதுவும் விபூதிப் புதன். மறு ஆண்டு நான் பிறந்தேன்.

கடந்த ஆண்டு சனவரியில் அம்மா இறைவனடி சேர்ந்தார். அவருடைய தகரப் பெட்டியில், செபமாலைக்கும் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கும் அடியில், அந்த மண் ஒரு சிறு துணிப் பொட்டலமாக இருந்தது. "இது இரவல் மண்ணு. எனக்குப் பிறகு கொண்டுபோய் அங்கேயே போட்டுடணும்" என்று தம் பேத்தியிடம் சொல்லி வைத்திருந்தாராம். ஆகவே முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குப் பின், திருநாள் கூட்டம் சேருமுன், தங்கையும் அவள் மகளும் நானுமாகப் புறப்பட்டோம்.

அம்மாவுக்குப் படிப்பு அதிகம் இல்லை. ஆயினும் அருளானந்தரின் தாயார் பெயாத்ரீசைப் பற்றி, அடுத்த தெருக்காரியைப் போல் பேசுவார். லிஸ்பன் அரண்மனையைச் சேர்ந்த அக்கைம்பெண், நோயுற்ற மகனுக்காகப் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டதையும், பிழைத்தெழுந்த சிறுவன் ஓராண்டுக் காலம் சேசு சபை அங்கி அணிந்து நடந்ததையும் சொல்வார். மகன் வேதசாட்சியாக மரித்த செய்தி எட்டியபோது அத்தாய் துக்க உடை தரிக்காமல் விழாக்கோலத்தில் அரசவைக்குச் சென்றாராம். இந்த இடத்தில் அம்மாவின் குரல் உயரும்.

எனக்கு அந்த இடம் பிடிப்பதில்லை. 1985 சூன் மாதம் நான் சிறிய குருமடத்திற்குப் பேருந்து ஏறியபோது மற்றப் பையன்களின் தாய்மார் அழுதார்கள். என் அம்மா அழவில்லை. "நல்லாப் படி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிக் கையசைத்தார். பெயாத்ரீசு அம்மாளைப் பார்த்து நடிக்கிறார் என்றே எண்ணினேன். பதினாறு வயதுப் பையனின் மனத்தாங்கல் அது. ஆயினும் நெடுநாள் நிலைத்துவிட்டது.

பிற்பாடு குருமடத்தில் வரலாற்றின் மறுபாதியைப் படித்தேன். மகன் இந்தியாவுக்குக் கப்பலேற முனைந்தபோது, அவனைத் தடுத்து நிறுத்துமாறு அதே தாய் பாப்பரசரின் தூதுவர் வரை சென்று முறையிட்டிருக்கிறார். விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் இதை அம்மாவிடம் சற்று வெற்றியோடுதான் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"பின்னே? பெத்தவ தடுக்காம இருப்பாளா?"

அவ்வளவுதான். முறத்தின் ஓசை தொடர்ந்தது.

என் குருப்பட்ட நாளில் என் உள்ளங்கைகளை முத்தமிட்டவர், அன்று முதல் என்னைச் "சாமி" என்றே அழைத்தார். பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அவருடைய அடக்கத் திருப்பலியில் நான் குரல் நடுங்காமல் மறையுரை ஆற்றினேன். பலர் பாராட்டினார்கள். அப்பாராட்டு எனக்கு இனிக்கவில்லை.

திருத்தலத்தில் பொட்டலத்தை அவிழ்த்தேன். ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. "இவ்வளவுதான் எடுத்து வந்தார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. நிறைய இருந்துச்சாம்" என்றாள் தங்கை மகள். "ஒவ்வொரு சூன் மாசமும் உங்க பஸ்ஸு கண்ணுக்கு மறைஞ்சதும், அம்மாச்சி கண்மாய்க்கரையில போய் உக்காந்து அழுவாங்களாம். வீட்டுக்கு வந்து இதுல கொஞ்சம் எடுத்து நெத்தியில பூசிக்கிட்டுத்தான் அடுப்புப் பத்த வைப்பாங்களாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க."

நான் மண்ணை மண்ணோடு சேர்த்தேன். அதன் பின் எவ்வளவு நேரம் முழந்தாளில் இருந்தேன் என்று அறியேன். எழுந்தபோது கண்களைத் துடைக்கத் தங்கைதான் முந்தானையை நீட்டினாள்.

திரும்பும் வேளையில் தங்கை மகள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்தாள். செவிலியரான அவள் அடுத்த மாதம் குவைத்துக்கு வேலைக்குச் செல்கிறாள்.

"வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறாயா?" என்றேன்.

"எனக்கு இல்லை மாமா" என்று சொல்லி, முன்னே நடந்து சென்றுகொண்டிருந்த தன் தாயைக் கண்ணால் காட்டினாள்.