ஆர்க்காட்டு வெள்ளி

பழைய வெள்ளிக் காசுகளைத் தேடிச் சேர்ப்பது வீண் வேலை என்று எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. ஏடுகளைச் செல்லரிக்கும், மாளிகைகள் இடியும். காசோ தன் மன்னர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் தன் மேனியிலேயே தாங்கி நிற்கிறது.

இன்று நாம் வழங்கும் ரூபாய்க்கு அடிகோலியவர் ஷேர்ஷா சூரி. 1540 முதல் 1545 வரை ஆண்ட அவர், ஏறத்தாழ 11½ கிராம் எடையில் வெள்ளி ரூபாயை வெளியிட்டார். அதன் ஒரு பக்கத்தில் திருக்கலிமாவும் நான்கு கலீஃபாக்களின் திருநாமங்களும் இடம்பெற்றன. பின்னர் ஔரங்கசீப் ஆலம்கீர், புனிதக் கலிமா கண்ட கைகளில் புழங்கி மாசுறலாகாது எனக் கருதி அதனைக் காசிலிருந்து நீக்கினார். பொறித்தது போலவே நீக்கியதும் மார்க்கப் பற்றினாலேதான்.

தமிழகத்தோடு நெருங்கிய உறவுடையது ஆர்க்காட்டு ரூபாய். இதனை அச்சிடும் உரிமையைப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் 1736-இலும், சென்னை ஆங்கிலேயர் 1742-இலும் பெற்றனர். அவர்கள் காசுக்குப் பிறையும் இவர்கள் காசுக்குத் தாமரையும் அடையாளம்.

நம்மிடமுள்ள தாமரைக் காசு ஒன்றில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரீ 1172 என்ற ஆண்டும் காணப்படுகின்றன. அம்மன்னர் 1759-இல் கொல்லப்பட்டார். ஆனால் காசின் சீரான வட்டமும் வரியிட்ட விளிம்பும் அது பிற்காலத்தில் இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்று காட்டிக் கொடுக்கின்றன. மக்கள் நம்பி வாங்கிய காசின் உருவை மாற்றத் துணியாத கம்பெனியார், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மறைந்த மன்னரின் பெயராலேயே அச்சிட்டு வந்தனர். 1835-இல் நான்காம் வில்லியத்தின் தலை பொறித்த பொது நாணயம் வந்த பின்னரே அந்நிலை மாறிற்று.

இவற்றைப் படிக்கப் பெரும்புலமை வேண்டுவதில்லை. மொழி பாரசீகமாயினும், எழுத்து குர்ஆன் ஓதும் நம் பிள்ளைகள் பெரிதும் அறிந்ததே. 'ஸர்ப்' என்ற சொல்லை அடுத்து வருவது அச்சிட்ட ஊர். 'ஜுலூஸ்' என்பது அரியணை ஏறியதைக் குறிக்கும். அதனுடன் வரும் எண் ஆட்சியாண்டு. ஹிஜ்ரீ ஆண்டில் 33-இல் ஒரு பங்கைக் கழித்து 622-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். 1172-இல் 35 போக 1137. அதனோடு 622 சேர 1759.

1833-இல் ரூபாயின் எடையே தோலாவுக்கும் அளவாயிற்று. ஜகாத்துக்குரிய வெள்ளியின் நிஸாப் 52½ தோலா என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்றைய வழக்கில் அது 52½ ரூபாய் எடை. காசு சேர்ப்போரும் இக்கணக்கை மறத்தலாகாது.

நம் உம்மம்மாக்கள் சேலைத் தலைப்பில் முடிந்து காத்த காசுகள், வெள்ளி விலை ஏறுந்தோறும் மூசையில் விழுகின்றன. கொலுசு என்றும் செய்து கொள்ளலாம். உருக்கிய காசை மீட்க எவராலும் இயலாது. ஆகவே, பேழையில் இருப்பதை விற்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். புளியிட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் எழுத்தும் தேயும். யார் வழியாக வந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். மன்னர் பெயரைக் காசு சொல்லும். அதைக் காத்தவர் பெயரை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.