பட்டிப்பொலக் குளிருக்கு ஏற்ற படுக்கை

இலங்கையின் மலைநாட்டுப் புகையிரதப் பாதையில், அம்பேவெலவுக்கும் ஓஹியவுக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் நிற்கும் இதன் நிலையமே இந்நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் என்னும் பெருமைக்குரியது. நிலையத்திற்கும் ஓஹியவுக்கும் இடையில் ஒரு சுரங்கம் உண்டு. சுரங்கத்தின் இப்புறம் மூடுபனியும் தூறலுமாக இருக்க, அப்புறம் வெயில் பளிச்சிடுவதும் உண்டு. மலைநாட்டின் இருவேறு பருவநிலைகளை அச்சுரங்கம் பிரித்துக் காட்டுகிறது எனலாம்.

லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் இச்சரிவுகளிலிருந்து ஒரு பாதை ஹோட்டன் சமவெளிக்கு ஏறிச் செல்கிறது. ஆங்கிலேய ஆள்பதி சேர் ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கிய இச்சமவெளி, 1988-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 2010-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. வருவோரிற் பெரும்பாலோர் விடியலில் வந்து, 'உலக முடிவு' என்னும் பாதாளத்தை முகில் மூடுமுன் கண்டு, பகலிலேயே திரும்பிவிடுவர். முன் அனுமதி பெற்றுக் கூடாரமடித்து இரவு தங்க விழையும் இளைஞர்களுக்கே இக்கட்டுரை பெரிதும் பயன்படும்.

சமவெளியின் சராசரி வெப்பநிலை சுமார் 13 பாகை செல்சியஸ். தை, மாசி மாதங்களில் முகிலற்ற இரவுகளிலோ நிலத்தின் சூடு வானத்தை நோக்கி விரைவாக வெளியேறிவிடும். குளிர்ந்து கனத்த காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்கும். விடியற்காலையில் புல்லின்மீது உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதும் இப்பனியே. இதனை அறிந்தவர்கள் கனத்த போர்வையும் கம்பளிச் சட்டையும் கொண்டுவருகிறார்கள். ஆயினும் நடுநிசியில் முதுகு விறைத்து எழுந்து உட்காருகிறார்கள். காரணம் யாது?

போர்வை சூட்டைத் தருவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, உடற்சூடு வெளியேறாமற் காக்கிறது. படுத்தவுடன் நமது பாரத்தால் அடிப்பக்கத்து இழைகள் நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. அதன்பின் ஈர மண் உடம்பின் சூட்டை விடிய விடிய உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும் கீழிருந்து வரும் குளிருக்கு அது மருந்தாகாது.

தோட்ட மக்கள் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்துவந்த தமிழ்த் தொழிலாளருக்கு மலைக்குளிரில் துணை நின்றது ஒரு கம்பளிதான். தோட்டத்தில் கொடுக்கப்பட்ட அக்கம்பளியின் விலையும் அவர்கள் பெயரிலேயே பற்றெழுதப்பட்டது. லயத்துத் தரையில் சாக்கை விரித்து அதன்மேற் படுத்தவர்கள், அடியில் ஒரு தடுப்பு வேண்டும் என்னும் பாடத்தைக் கற்றது குளிரிடமிருந்தே ஆகும்.

அதே பாடத்தையே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மலையேறிகளும் வேறு வகையிற் கற்றார்கள். போயிங் விமானத் தொழிற்சாலையில் வேலையிழந்த பொறியியலாளர் இருவரும் அவர்களுடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து, 1970-களின் தொடக்கத்தில் தானாகவே காற்றை நிரப்பிக்கொள்ளும் படுக்கையை ஆக்கினர். 'தெர்மரெஸ்ட்' என்பது அதன் பெயர். காற்றுப் புகாத துணியுறைக்குள் ஸ்பொஞ் ஒட்டப்பட்டிருக்கும். மூலையிலுள்ள அடைப்பானைத் திறந்தால், நசுங்கிக் கிடந்த ஸ்பொஞ் விரிந்து காற்றை உள்ளிழுக்கும். பின்னர் ஓரிரு முறை ஊதி இறுக்கி, அடைப்பானை மூடிவிடலாம். வெறுங்காற்று மெத்தையிற் காற்று சுழன்று சூட்டை மண்ணுக்குக் கடத்திவிடும். இதில் ஸ்பொஞ்சின் நுண்ணறைகள் காற்றை அசையவிடாமற் பிடித்துவைக்கின்றன. சிறப்பெல்லாம் அதிலேதான் இருக்கிறது.

கடைக்குச் செல்பவர்கள் முதலிற் கேட்பது மெத்தையின் தடிப்பு. முதலிற் கேட்கவேண்டியதோ 'ஆர் மதிப்பு' என்னும் எண். வெப்பம் ஊடுருவுவதைப் படுக்கை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. கம்பனிகள் தத்தம் போக்கில் அளந்துவந்த இவ்வெண்ணுக்கு, 2020 முதல் பொதுவானதொரு சோதனை முறை நடைமுறைக்கு வந்துள்ளது. சாதாரண நுரைப் பாய்க்கு இது ஏறத்தாழ 2. பட்டிப்பொலவின் உறைபனி இரவுக்கு 3 முதல் 4 வரை இருத்தல் நன்று. இவ்வெண்களைக் கூட்டலாம் என்பது மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி: 2 மதிப்புள்ள மலிவான நுரைப் பாயின்மீது 2 மதிப்புள்ள மெல்லிய படுக்கையை விரித்தால் 4 ஆகிவிடும்.

அடுத்தது பாரம். இவ்வகைப் படுக்கைகள் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேலும் உண்டு. மலையேறுகையில் ஒவ்வொரு நூறு கிராமும் தோளிற் கணக்குச் சொல்லும். ஆகவே நீளத்திற் சிக்கனம் செய்யலாம்: தோளிலிருந்து முழங்கால்வரை எட்டும் படுக்கையை வாங்கி, கால்களுக்கடியில் வெறுமையான முதுகுப்பையை வைத்துக்கொள்வோர் பலர். கடையிலேயே விரித்து, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். இடுப்பெலும்பு தரையைத் தொடுமாயின் அது உங்களுக்கு ஏற்றதன்று.

வாங்கியபின் பேணுதலும் வேண்டும். முள்ளிற் படாதவாறு பைக்குள்ளேயே வைத்துச் செல்லுங்கள். கீழே நீர் புகாத விரிப்பொன்றை இடுங்கள். ஓட்டை விழுந்தால், நீரில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் கண்டு ஒட்டுப்போடலாம். வீட்டிலே சுருட்டி வைக்காது, அடைப்பானைத் திறந்து விரித்தே வையுங்கள். நெடுநாள் நசுங்கிய ஸ்பொஞ் விரியும் திறனை இழந்துவிடும்.

ஆண்டுக்கு ஓரிரவு மட்டுமே தங்குபவர்க்கு இத்துணைச் செலவு தேவையில்லை. நல்ல நுரைப் பாய் இரண்டைச் சேர்த்து விரித்தாலே போதும். ஆனால் பாயுமின்றிச் சென்று, அங்குள்ள புல்லையும் தழையையும் அறுத்துப் பரப்பிக்கொள்ளலாமென எண்ணவேண்டாம். தேசியப் பூங்காவில் அது குற்றம். மூன்று ஆறுகளுக்கு நீரூட்டும் நிலம் அது. நமக்கு வேண்டிய வெம்மையை நாமே சுமந்து சென்று, விடிந்ததும் சுருட்டிக்கொண்டு திரும்புவதே அம்மலைக்கு நாம் செய்யும் மரியாதை.